எட்டாம் மாதத்துக் கல்

தை பிறந்த மூன்றாம் நாள், முதல் பஸ் வருகிற நேரத்தில், ஈச்சமடைச் சுமைதாங்கிக் கல் அது நிற்க வேண்டிய இடத்தில் இல்லை. பழைய ரோடு மலையேறத் தொடங்குகிற முதல் வளைவுக்கு இரண்டு பர்லாங் மேலே, ஒரு இலந்தைப் புதருக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொள்ள நின்றவள் மாதிரி நின்றிருந்தது. அதை முதலில் கவனித்தது கண்டக்டர் செல்லப்பாண்டி. அவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், கல் ஊன்றியிருந்த இரண்டு குழிகளையும் எட்டிப் பார்த்து, மேலே மலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி ஏறி விசில் ஊதினார். "சுமைதாங்கி இறங்குறவங்க இறங்குங்க. கல்லுதான் போயிருச்சு, ஸ்டாப்பு இங்கனதான் இருக்கு" என்றார். ஜனங்களும் இறங்கினார்கள்.

அந்தக் கல் வேறு யாரும் இல்லை, எனக்கு மூத்தவள். என் வீட்டுக்காரர் சடையாண்டி முதலில் கட்டின வெள்ளையம்மா அவள். எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பேரைச் சொல்லி வழியில் ஒரு சுமைதாங்கி நடுவார்கள்: இரண்டு கால் கல், மேலே ஒரு பலகைக் கல், நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே அதன்மேல் சுமையைத் தள்ளி வைத்துவிட்டு, கழுத்தைத் திருகிக்கொண்டு, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். தன் சுமையை இறக்காமலே போனவளுக்கு அடுத்தவர் சுமையை இறக்கி இறக்கி மனசு ஆறும் என்று நம்பிக்கை. ஆனால் அவளுக்குக் கல் நட்ட நாலாம் வருஷம் கல் நின்ற இடத்திலிருந்தே மலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ரோடு போட்டுவிட்டார்கள், பழைய ரோட்டில் தலைச்சுமை நின்றுபோனது, அப்புறம் அந்தக் கல்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் முழங்கையும் தவிர வேறு எதையும் யாரும் வைக்கவில்லை.

அவள் செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல் எங்கே கிளம்பியது என்று உங்களுக்குப் புரியாது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் வந்துதான் கூட்டிப்போக வேண்டும். ஏழாம் மாதத்தில் கூப்பிடலாம், ஒன்பதாம் மாதத்தில் கூப்பிடலாம், எட்டில் கூடாது. வெள்ளையம்மாவின் தாய்வீடு வாடைக்கணவாய்க்கு அந்தண்டை, ஏலமேட்டில். நடுவில் ஏழு மைல் ஏற்றம். ஏழாம் மாதம் முழுக்க மழை அடித்து ரோடு இரண்டு இடத்தில் சரிந்துவிட, அவள் தம்பி கொம்பையா, அப்போது இருபது வயது, எட்டாம் மாதம் நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தான். தலையில் கட்டுச்சோற்றுக் கூடை, அதில் புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று ஐந்து வகைச் சோறு. கட்டுச்சோற்றை வழியில் தரையில் வைக்கக் கூடாது என்பதால் ஏழு மைலும் தலையிலேயே கொண்டுவந்திருந்தான். என் மாமியார் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டு என்று வந்தது. அவன் கூடையை இறக்க ஒரு கை கொடுத்தால் சோற்றை ஏற்றுக்கொண்டதாகிவிடும், ஏற்றுக்கொண்டால் பெண்ணை அனுப்பியாக வேண்டும். அதனால் வீட்டில் யாரும் "இறக்குப்பா" என்று சொல்லவில்லை. அவனும் முற்றத்தில் சுமையோடு, காலடியில் கிடந்த நிழல் கிழக்கே நீளும்வரை நின்றான். அப்புறம் வந்த வழியே அப்படியே திரும்பிப் போனான். பன்னிரண்டாம் நாள் அவளுக்கு ஜன்னி வந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து என்னைக் கட்டிவந்தார்கள். கல்யாணமான அன்று மத்தியானம் இலையைப் போட்டு உட்காருங்கள் என்றேன். அவர் சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டார். புது மாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக அந்தக் கூச்சம் போகவில்லை. படுப்பார், நிற்பார், நடப்பார். உட்கார மட்டும் மாட்டார். பஸ்ஸில் பாதிச் சீட்டு காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எங்கள் மகன் கல்யாணத்தில் தாம்பூலம் மாற்றும்போதுகூட நின்றுகொண்டே மாற்றினார், சாவு வீட்டில் நிற்பார், டாக்டர் முன்னால் நிற்பார், சம்மந்தி வீட்டு விருந்தில் நின்று என் மானத்தை வாங்குவார். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, மாமன் வீட்டில் வளர்ந்தவள், ஒன்பதாம் மாதத்தில் என்னை வந்து கூப்பிட யாரும் இல்லாததால் அந்த வீட்டு அடுப்படியிலேயே என் மகனைப் பெற்றேன், அதற்கெல்லாம் நான் பெரிதாகக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசை: இந்த மனுஷன் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு தின்ன வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

மறுநாள் கல் இன்னும் இரண்டு பர்லாங் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் பழைய மைல்கல்லைத் தாண்டியிருந்தது. யாரும் பார்க்கும்போது அது நகரவில்லை. மாசமாக இருப்பவளை வெறிக்க வெறிக்கப் பார்த்தால் அவளுக்குக் கால் எழும்புமா என்று பெண்கள் கேட்டார்கள், ஆண்களும் அது நியாயம் என்றார்கள். அதனால் மாடு மேய்க்கப் போகிறவர்கள் வளைவு திரும்புமுன் இருமினார்கள், விறகுக்குப் போகிறவர்கள் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு நடந்தார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து, காட்டு எல்லைக்குள் கல்லை இடம் மாற்றுவது குற்றம் என்று ஒரு நோட்டீஸை அந்தக் கல்மேலேயே ஒட்டிவிட்டுப் போனார். கல் நோட்டீஸோடு போனது. பஞ்சாயத்துத் தலைவி தவமணி, சுமைதாங்கி பஞ்சாயத்துச் சொத்துப் பட்டியலில் இருக்கிறது, அது எங்கே நிற்கிறதோ அதுவரை நம் ஊர் எல்லைதான் என்று கூட்டத்தில் சொல்ல, எல்லை வளருகிற சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

எந்த மாதம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெள்ளையம்மா எட்டில் செத்தாள், எட்டிலேயே முப்பத்தியொரு வருஷம் நின்றாள், எட்டில் வழிக்குக் கிளம்பக் கூடாது. ஆகவே அவள் கிளம்பின அன்றைக்கு ஒன்பது பிறந்துவிட்டது என்று பெண்கள் கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கில் யாரும் குற்றம் காணவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோய் வளைகாப்புச் செய்தார்கள். கல்லுக்குக் கை இல்லாததால் வளையலைக் கயிற்றில் கோத்துக் காலில் கட்டினார்கள். ஊசி போட வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸ் ரெஜினாவிடம், இத்தனை ஏற்றம் நடக்கலாமா என்று கேட்டார்கள். அவள் ரிஜிஸ்தரிலிருந்து தலை தூக்காமல், "ஒம்பதுல நடக்குறது நல்லதுதான். தனியாத்தான் நடக்கக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு தினம் நாலு பெண்கள் துணைக்குப் போனார்கள். முன்னால் அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பின்னால் சரளை நொறுங்குகிற சத்தமும் வளையல் சத்தமும் வரும், சத்தம் நின்றால் அவர்களும் நின்று தண்ணீர் குடிப்பார்கள்.

நான் ஒரு நாளும் துணைக்குப் போகவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான். முப்பது வருஷம் என் வீட்டுக்குள் அவர் நின்றதெல்லாம் அவளுக்காகத்தானே, இன்னும் அவளுக்கு நான் வேறு துணை நடக்க வேண்டுமா?

கல் ஏற ஏற, ஊர் உட்கார மறந்தது. எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பாதி டீயில் எழுந்தார்கள், அப்புறம் நின்றே குடித்தார்கள், அப்புறம் நடந்துகொண்டே குடித்து டம்ளரை அடுத்த தெருவில் வைத்துவிட்டுப் போனார்கள். முடிவெட்டுகிறவர் தலையைச் சுற்றி நடக்க, தலைக்காரர் அவரைச் சுற்றி நடந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நின்று எழுதினார்கள், கோழிகள் அடைகாக்காமல் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன, பூப்பறிக்கிறவர்கள் ஒரு வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடினார்கள். எல்லோர் காலும் எங்கோ போக வேண்டும் என்றது, எங்கே என்று யார் காலுக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது புதிதாக இல்லை. அவர் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போய், கல் விட்டுப்போன இரண்டு குழிகளுக்கும் நடுவில் நின்றுவிட்டு வந்தார்.

இருபத்தியேழாம் நாள் கல் வாடைக்கணவாய்க்கு நூறு அடி கீழே, ஒரு சமதரைக்குப் போய் நின்றது. இருபத்தியெட்டிலும் அங்கேயே நின்றது. துணைக்குப் போன பெண்கள் கணவாய்வரை நடந்து காட்டினார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். பின்னால் சத்தம் வரவில்லை. இருபத்தியொன்பதாம் நாள் சாயங்காலம் தவமணி ஊரைக் கூட்டினாள். எல்லோரும் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

"அவ எப்படிப் போவா? கூப்பிட ஆள் வந்தாத்தான போவா," என்றாள் தவமணி. "நாளையோட ஒம்பது முடியுது. பத்து பொறந்துட்டா வழிக்கு எறக்கக் கூடாது. அப்புறம் அவ அங்கேயே நிக்க வேண்டியதுதான். நாமளும் இப்படியே நிக்க வேண்டியதுதான்."

"ஏலமேட்டுக்குப் போயி கொம்பையாவைக் கூட்டியாரணும்," என்றார் டீக்கடைக்காரர். "யாரு போறது?"

யாரும் பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். முப்பத்தியொரு வருஷமாக ஏலமேட்டார் எங்கள் நல்லது கெட்டது எதற்கும் வந்ததில்லை, நாங்களும் போனதில்லை. அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவர் திறக்காவிட்டால் என் காலம் முடிகிறவரை நிலையில் சாய்ந்த மனுஷனுக்குத்தான் சோறு போட வேண்டும் என்பதும் தெரியும்.

"நாங்க போறோம். கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போறோம்," என்றேன்.

"கட்டுச்சோறு அவங்க கொண்டாரணும் வர்ணம். நாம கொண்டுபோறது எந்த ஊரு வழக்கம்?" என்றாள் தவமணி. பஞ்சவர்ணம் என்ற என் பேரை அவள் எப்போதும் பாதியாக்கித்தான் கூப்பிடுவாள்.

"அவங்க ஒருக்கா கொண்டாந்துட்டாங்கக்கா. நாமதான் எறக்கல."

"அவங்களும் எறக்கலேன்னா?"

"நின்னுட்டு வாரேன். எங்க வீட்டுக்கு அது புதுசா?"

விடியுமுன் ஐந்து சோறும் கிளறி, ஆறவைத்து, எவர்சில்வர் சட்டிகளில் அடைத்து, ஒரு மூங்கில் கூடையில் வைத்து வெள்ளைத் துணியால் வாய் கட்டினேன். வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். அவர் கூடையைத் தான் சுமப்பதாகச் சொன்னார். நீங்கள் நின்று பழகியவர், நான் இன்றைக்குத்தான் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பழைய ரோடு சாகவில்லை, அதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளைக்காரன் குதிரை ஏறப் பாவின கல் வரிசை, இரண்டு பக்கமும் சுக்குநாறிப் புல், பள்ளத்துப் பக்கம் பாசி பிடித்த கைப்பிடிச்சுவர், எண் அழிந்த மைல்கற்கள், ஒவ்வொரு வளைவிலும் யானை போட்ட பழைய சாணியும், பெண்கள் துணை நடந்தபோது சிந்தின பூவும். வளைவு திரும்பத் திரும்ப ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. முதல் இரண்டு மைல் எனக்கு வாய் இருந்தது, இந்தச் சேலை போதுமா, அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள், அவன் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே வந்தேன். மூன்றாம் மைலில் கழுத்து பேச ஆரம்பித்தது. நாலாம் மைலில் வேறு எதுவும் பேசவில்லை. கூடையைத் தரையில் வைக்கக் கூடாது, இறக்கி வைக்க அந்த ரோட்டில் இருந்த ஒரே கல்லும் எங்களுக்கு முன்னால் மேலே போய்விட்டது. நின்றேன், நடந்தேன், நின்றேன். இருபது வயதில் ஒருத்தன் இதே ஏழு மைலைச் சுமையோடு வந்து, முற்றத்தில் நின்று, அதே ஏழு மைலைச் சுமையோடு திரும்பிப் போனான் என்பதைக் காதால் கேட்டிருந்தேன். கழுத்தால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஐந்தாம் மைலில் குதிரைத்தொட்டி. குதிரைகள் தண்ணீர் குடிக்கக் கட்டின நீளமான கல் தொட்டி, இப்போதும் ஊற்று விழுந்துகொண்டிருந்தது. அவர் கையில் தண்ணீர் பிடித்து என் வாயில் ஊற்றினார். இரண்டு மடக்கு குடித்திருப்பேன், அவர் பேச ஆரம்பித்தார்.

"நான் சொல்லிருந்தா எங்காத்தா கேட்டிருக்கும்," என்றார்.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எட்டு, ஏழுன்னு எனக்கு என்ன தெரியும். அவ போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிருமேன்னு இருந்துச்சு. இன்னொரு மாசம் இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். அவன் வாசல்ல சுமையோட நிக்கிறான். அவ அடுப்படியில அழுறா. நான் உள்ள கட்டில்ல உக்காந்திருந்தேன். எந்திரிக்கவே இல்ல வர்ணம்."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. நான் ஒன்பதாம் மாதத்தில் போக இடமில்லாமல் அந்த வீட்டில் கிடந்தேன். நான் இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று என்னை நினைத்து யாரும் ஒரு நாளும் தவித்ததில்லை. செத்துப்போனவளுக்குக் கிடைத்ததை நினைத்து, தலையில் அவளுக்கான சோற்றோடு நின்று, நான் அழுதேன். கூடை ஆடக் கூடாது என்பதால் குலுங்காமல் அழ வேண்டியிருந்தது.

"இதை முப்பது வருசத்துக்கு முன்னாடி சொல்லிருக்கலாம்ல," என்றேன் அப்புறம்.

"சொன்னா நீ இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன். எனக்குப் போக எடமில்லையே," என்றேன். "வாங்க, வெயில் ஏறுது."

கணவாய்க்குக் கீழே சமதரையில் அவள் நின்றிருந்தாள். பார்க்காமல்தான் தாண்டிப் போக வேண்டும் என்று இருந்தேன். வாடைக்காற்றில் வளையல் சத்தம் கேட்க, பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் முழங்கையை ஊன்றின கல்தான், ஆனால் ஏழு மைல் சுமந்து வந்த பிறகு பார்க்கையில் அது சின்னதாக, ஒரு இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் உயரத்துக்குத்தான் இருந்தது. கால் இரண்டிலும் சரளை உரசின வெள்ளைக் கீறல். நோட்டீஸ் பாதி கிழிந்து ஆடியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

"இரு அக்கா, இந்தா வந்துர்றோம்," என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் கணவாய் ஏறினேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. அந்தண்டைச் சரிவில் அரை மைல் இறங்கினால் ஏலமேடு: மொத்தமே ஆறு வீடு, பீன்ஸ் கொடி, தகரக் கூரைமேல் காயும் மிளகு. முதல் வீட்டு வாசலில் சாக்கை விரித்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்தான் கொம்பையா என்று கேட்காமலே தெரிந்தது, கல்லின் நெற்றி மாதிரி அகலமான நெற்றி. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். என் தலையில் இருந்த கூடையைப் பார்த்தார். முற்றினதை ஒரு பக்கம், பிஞ்சை ஒரு பக்கம் என்று மறுபடி பிரிக்கத் தொடங்கினார்.

நான் முற்றத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்றார். கொம்பையாவின் சம்சாரம் வெளியே வந்து, எங்களைப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்து, "ஏங்க…" என்றது. கொம்பையா தலையைத் தூக்கவில்லை, அதுவும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. என் நிழல் காலடியில் இருந்தது, அப்புறம் காலை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தது. கழுத்து நரம்பு துடித்தது, கண்ணில் பூச்சி பறந்தது. விழுந்தாலும் கூடையை மடியில் வாங்கிக்கொண்டு விழ வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டேன். ஒரு சாக்கு பீன்ஸையும் அவர் பிரித்து முடித்தார்.

"எந்த மாசம்?" என்றார்.

"ஒம்பதுண்ணே. இன்னைக்கோட முடியுது."

"அன்னைக்கு எட்டுன்னாங்க."

"ஆமாண்ணே. எட்டுன்னாங்க."

"ரோடு ரெண்டு எடத்துல சரிஞ்சிருச்சு, அதான் ஏழு தாண்டிருச்சுன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல." அவர் என் தலைக்கு மேலே, என் வீட்டுக்காரரைப் பார்க்காமல், கணவாயைப் பார்த்துப் பேசினார். "அந்தச் சோத்த நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா? வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்தா ஆத்தா அழும். கணவாயில நின்னு தின்னேன். ஒத்த ஆளா அஞ்சு சோத்தையும் நின்னுக்கிட்டே தின்னேன். வெறுங்கூடையோட வந்து, எறக்கிக்கிட்டாங்க ஆத்தா, ஒம்பதுல வரச் சொன்னாங்கன்னு சொன்னேன். ஆத்தா ஒம்பதுக்குப் பாயி வாங்கி வச்சிச்சு, தொட்டிலுக்குச் சேலை கிழிச்சு வச்சிச்சு. பன்னண்டாம் நாளு சேதி வந்துச்சு. ஆத்தா என்னையத்தான் பார்த்துச்சு. சாகுறவரைக்கும் அப்படித்தான் பார்த்துச்சு."

அவர் எழுந்து, குடத்துத் தண்ணீரில் கை கால் கழுவி, துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்களைத் தாண்டி மேடேறி நடந்தார். இறக்கச் சொல்லவில்லை. நான் கூடையோடு அவர் பின்னால் போனேன், என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்தார், கொம்பையாவின் சம்சாரம் கொல்லைக்கு ஓடி நாலு வாழையிலையை அறுத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்தது. அந்த அரை மைல் ஏற்றம் எனக்கு ஏழு மைலைவிடப் பெரிதாக இருந்தது.

கொம்பையா கல்லுக்கு முன்னால் போய் நின்றார். நோட்டீஸைப் பிய்த்துக் காற்றில் விட்டார். பலகைக் கல்மேல் உள்ளங்கையை வைத்து, "நேரமாயிருச்சுக்கா," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "குனி தாயி," என்றார்.

குனிந்தேன். அவர் இரண்டு கையாலும் கூடையைத் தூக்கிக் கல்மேல் வைத்தார். என் தலை மேலே பறந்துவிடும் போல இருந்தது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாகிவிட்டது நான் உட்கார்ந்து. கொம்பையா கூடையின் வாய்க்கட்டை அவிழ்த்து, ஐந்து சோற்றிலும் ஒவ்வொரு கை எடுத்துக் கல்மேல் வைத்தார். பிறகு ஒரு இலையைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் சின்னக் கல் வைத்து, ஐந்தையும் பரிமாறினார்.

"மச்சான், உக்காருங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் நின்றார். அவருக்கு மனசு இல்லாமல் இல்லை, உட்காருவது எப்படி என்பது மறந்துபோயிருந்தது. ஒரு காலை மடக்கிப் பார்த்தார், மற்றது வழிவிடவில்லை. கையை எதிலாவது ஊன்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் அவள்தான் இருந்தாள். கல்லின் காலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, வளையல்கள் மொத்தமும் குலுங்க, இறங்கி, மண்ணில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காய்ந்த சுள்ளி மாதிரி சடசடத்தன. சம்மணம் போட்டார். புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார்.

"தின்னுங்க," என்றேன். எனக்குக் கண் மறைத்தது. முப்பது வருஷம் காத்திருந்து பார்த்ததை ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியவில்லை.

நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மச்சானும் மச்சானும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பீன்ஸ் விலை, யானை வரத்து, எங்கள் மகன் திருப்பூரில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டுக்கொண்டார்கள். இலையை மடக்கிவிட்டு நிமிர்ந்தபோது கல் சமதரையில் இல்லை. கணவாய் உச்சியில், கூடையோடும் என் எவர்சில்வர் சட்டிகளோடும், கிளம்பத் தயாராக நின்றது. தாய்வீடு போகிறவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அதனால் நான் சட்டியைக் கேட்கவில்லை. கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் போய், திரும்பாமல் நடந்தார். பின்னால் சரளை நொறுங்கியது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"தாயி," என்று அவர் குரல் மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. "ஆடிக்கு வந்துரு. மச்சானையும் கூட்டியா. ஒனக்கும் இதுதான் ஆத்தா வீடு."

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. குதிரைத்தொட்டி விளிம்பில் அவர் உட்கார்ந்தார். கைப்பிடிச்சுவர் இடிந்த இடத்தில் உட்கார்ந்தார். எண் அழிந்த மைல்கல் ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கீழே ஊரைப் பார்த்தார். அங்கே பஸ் ஸ்டாப்பில் ஜனங்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது சின்னச் சின்னதாகத் தெரிந்தது. ஏழு மைலில் பதினோரு இடத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இறங்குமுன் இருட்டிவிடும் என்று எனக்குத் தெரியும், வீட்டில் மாடு கத்தும் என்றும் தெரியும். ஒரு இடத்திலும் நான் அவரை எழுப்பவில்லை.